அறுபதுக்குப் பூஜ்யம்: மொரீஷியஸ் வாக்காளரும் ஒரு பழைய கணக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தேர்தலைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் நம் ஊர்த் தேர்தல் வேண்டாம் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். விவேகமான யோசனை. நம் ஊர்த் தேர்தலைப் பேசத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் அரங்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலைக்குப் போகிறேன். மொரீஷியஸ். பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை. 2024 நவம்பர் 10 அன்று நடந்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் பத்து லட்சத்துச் சொச்சம் பேர். நம்முடைய ஒரு பாராளுமன்றத் தொகுதியை விடச் சிறியது. ஆனால் வாக்காளர் யார், எந்தச் சமூகம், எத்தனை பேர் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் அந்தத் தீவுக்கு இணையான நாட்டைக் காண்பது அரிது. அடுத்த பொதுத்தேர்தல் 2029 வாக்கில் வர வேண்டும். அதற்குள் இந்தக் கணக்கு பலமுறை போடப்படும். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவில் சமூகக் கணக்கு யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. யார் வெல்வது என்பதைத் தீர்மானிப்பதில்லை. அரசியல் விமர்சகர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கடந்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குழப்பம் தெளியும்.

முதலில் வாக்குரிமையின் கதை. பிரிட்டிஷ் ஆட்சியில் சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே வாக்கு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் மக்கள்தொகையில் பெரும்பான்மை. வாக்காளர் பட்டியலிலோ சிறுபான்மையாகவே இருந்தார்கள். 1947இன் அரசியல் சட்டம் இதை உடைத்தது. தீவில் புழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எளிய எழுத்தறிவுச் சோதனையில் தேறினால் போதும், வாக்கு உண்டு. அந்த மொழிகளின் வரிசையில் தமிழும் இருந்தது. கரும்பு வெட்டும் கை தமிழில் எழுதக் கற்றதால் வாக்குச் சீட்டைத் தொட்டது என்பதை நாம் தனியாகக் கொண்டாடலாம். ஆனால் வேகமாக வேலை செய்தது பாஸ்தேவ் பிசுந்தயாலின் ஜன் ஆந்தோலன் இயக்கம்தான். அதன் தொண்டர்கள் மாலை நேரங்களில் தோட்டக் குடியிருப்புகளில் இந்தி எழுத்தைச் சொல்லிக்கொடுத்து வாக்காளர்களை உருவாக்கினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு உட்பட்டிருந்த வாக்காளர் எண்ணிக்கை 1948 தேர்தலில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட 19 பேரில் இந்துக்கள் பெரும்பான்மை. ஒரு முஸ்லிம்கூட வெல்லவில்லை.

அந்த ஒற்றை முடிவிலிருந்துதான் பின்னால் வந்த அச்சங்கள் எல்லாம் முளைத்தன. அப்துல் ரசாக் முகமது தலைமையில் முஸ்லிம்களுக்கென ஒரு கட்சி வந்தது. விடுதலை வந்தால் இந்துக்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள் என்று பிரெஞ்சு வழி வெள்ளையரும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களும் ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். அதாவது எஜமானர்களின் பேரர்களும் அடிமைகளின் பேரர்களும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். பி.எம்.எஸ்.டி. என்ற அந்தக் கட்சிக்குப் பிற்பாடு முகமாக இருந்தவர் கேத்தான் துவால்.

விடுதலைக்கு முன் தேர்தல் முறையை வகுக்க 1966இல் பான்வெல் குழு வந்தது. அதன் பரிந்துரையை விடுதலை கோரிய லேபர் கட்சி ஏற்கவில்லை. லண்டனிலிருந்து ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற இளம் அமைச்சர் ஓடிவந்து எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சமரசம் செய்துவைத்தார். (இதே ஸ்டோன்ஹவுஸ்தான் 1974இல் மயாமி கடற்கரையில் துணிமணிகளை விட்டுவிட்டுக் கடலில் மூழ்கிச் செத்ததுபோல் நாடகமாடி, ஆஸ்திரேலியாவில் பிடிபட்டவர். அவர் போட்ட ஏற்பாடு அவர் நாடகத்தைவிட நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கிறது.)

அந்த ஏற்பாடு இதுதான். பெரிய தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். கிழக்கே கடலில் தள்ளியிருக்கும் ரோட்ரிக்ஸ் தீவு 21ஆம் தொகுதி. அதற்கு இரண்டு பேர். மொத்தம் 62. வாக்காளர் பெரிய தீவில் மூன்று குறி போட வேண்டும், மூன்றையும் போட்டாக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் சீட்டு செல்லாது. அதிக வாக்கு வாங்கிய மூன்று பேர் சபைக்குப் போவார்கள். கட்சிக்காரர்கள் மூன்று குறியையும் தங்களுக்கே போடச் சொல்லி வீடு வீடாக வருவார்கள். ஒன்றை இங்கே, இரண்டை அங்கே என்று பிரித்துப் போடுவதைத் தீவு மக்கள் ‘கூப்பே திரான்ஷே’ என்பார்கள். எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் வெறுக்கும் வாக்காளர் அவர்தான்.

இந்த 62 இடங்களுக்கு மேல் எட்டு இடம் வரை ‘பெஸ்ட் லூசர்’ என்ற வகையில் நிரப்பலாம். தோற்றவர்களில் சிறந்தவருக்கு இடம். எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்ததோ அந்தச் சமூகத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்காக வேட்பாளர் ஒவ்வொருவரும் வேட்புமனுவில் தன் சமூகத்தைச் சொல்லியாக வேண்டும். அரசியல் சட்டம் அனுமதிக்கும் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத எல்லோரும் அடங்கிய ‘பொது மக்கள்’. இந்துவுக்குள் போஜ்புரி பேசிய வட இந்திய வழியினரும், தமிழரும், தெலுங்கரும், மராத்தியரும் அடக்கம். பொது மக்களுக்குள் சர்க்கரை ஆலை முதலாளியும் துறைமுகக் கூலியும் அடக்கம். ஒருவர் எந்தச் சமூகம் என்பதற்கு அவருடைய ‘வாழ்க்கை முறை’யே அளவுகோல் என்கிறது சட்டம். அதை எந்த நீதிபதி எப்படி அளப்பார் என்று சட்டம் சொல்லவில்லை.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அதில் சுவை இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அந்தச் சமூகம் வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். எந்தச் சமூகத்துக்குப் பெரிய ஈவு வருகிறதோ அதற்கு முதல் இடம். ஒரு பேச்சுக்கு, 62 பேரில் இந்துக்கள் 36, முஸ்லிம்கள் 8, சீனர் 3, பொது மக்கள் 15 என்று வென்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1972 கணக்கெடுப்புப்படி இந்துக்கள் ஏறத்தாழ 4,28,000. 37ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆயிரத்தை ஒட்டி வரும். முஸ்லிம்கள் சுமார் 1,37,000. ஒன்பதால் வகுத்தால் பதினையாயிரத்துச் சொச்சம். பொது மக்கள் ஏறத்தாழ 2,37,000. பதினாறால் வகுத்தால் பதினாலாயிரத்து எண்ணூறு. சீனர் 24,000, நான்கால் வகுத்தால் ஆறாயிரம். ஆக முதல் இடம் முஸ்லிமுக்கு. முஸ்லிம் எண்ணிக்கை ஒன்பதானதும் அவர்களுடைய ஈவு பதின்மூவாயிரத்து எழுநூறாக இறங்கும். அடுத்த இடம் பொது மக்களுக்குப் போகும். இப்படி நான்கு இடங்கள் கட்சி பாராமல். அடுத்த நான்கு, முதல் நான்கினால் குலைந்த கட்சி விகிதத்தைச் சரிக்கட்ட.

கவனித்திருப்பீர்கள்: நான் 1972 கணக்கெடுப்பு என்றேன். அதைப் பழைய உதாரணமாகச் சொல்லவில்லை. இன்றும் சட்டப்படி அந்தக் கணக்குத்தான். 1982இல் வந்த அரசு, இனி கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தது. நோக்கம் உயர்ந்தது. நாம் எல்லோரும் மொரீஷியர், இனப் பெட்டி எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆனால் பெஸ்ட் லூசர் முறையை நீக்க வேண்டிய முக்கால் பங்குப் பெரும்பான்மையையும் துணிவையும் ஒருசேர எந்த அரசும் திரட்டவில்லை. விளைவு, சமூகத்தைக் கேட்பது நின்றுபோனது, சமூகத்தை வைத்து இடம் கொடுப்பது தொடர்ந்தது. 1972இல் எண்ணப்பட்டவர்களில் கடைசியாகப் பிறந்த குழந்தைக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. எண்ணப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய தொகை மட்டும் ஒவ்வொரு தேர்தல் மறுநாளும் சபைக்கு ஆள் அனுப்புகிறது.

இதை எதிர்த்தவர்கள் உண்டு. ‘ரெசிஸ்டான்ஸ் ஏக் அல்டர்னாடிவ்’ என்ற இடதுசாரி இயக்கத்தினர் 2005 முதல் சமூகத்தைச் சொல்ல மறுத்து நீதிமன்றங்களில் ஏறி இறங்கினார்கள். 2012இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நாற்பதாண்டுப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது அவருடைய அரசியல் உரிமையை மீறுவது என்று கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் சமூகம் சொல்வது விருப்பத்துக்கு விடப்பட்டது. சொல்லாதவருக்குப் பெஸ்ட் லூசர் இடம் கிடையாது. அடுத்த தேர்தலில் பழையபடி கட்டாயமானது. 2018இல் ஒரு திருத்த மசோதா வந்தது. போதிய ஆதரவு இல்லாமல் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான குழு 2002இலேயே விகிதாச்சார இடங்கள் முப்பது சேர்க்கச் சொன்னது. அந்த அறிக்கையும் இருக்கிறது.

இனி முடிவுகளுக்கு வருவோம். கணக்குப் போடுபவர்கள் சொல்லும் வாதம் சுருக்கமானது: இந்துக்கள் ஏறத்தாழப் பாதிப் பேர், ஆகவே இந்துக்களின் கட்சி ஆளும், மற்றவர்கள் பேரம் பேசுவார்கள். பிரதமர்களின் பட்டியல் இதை மெய்ப்பிப்பதுபோல் இருக்கிறது. 1968 முதல் இன்றுவரை ராம்கூலாம், ஜுக்நாத் என்ற இரண்டு குடும்பங்களின் அப்பாவும் மகனும்தான் மாறி மாறி வந்திருக்கிறார்கள். இடையில் 2003 முதல் 2005 வரை மட்டும் பால் பெராஞ்சே. பிரெஞ்சு வழி வந்தவர். அதுவும் அனிருத் ஜுக்நாத்தோடு மூன்றாண்டு உனக்கு, இரண்டாண்டு எனக்கு என்று 2000இல் போட்ட ஒப்பந்தத்தால் வந்த பதவி.

ஆனால் வாக்குகளைப் பாருங்கள். முதல் பெரிய சோதனை 1967 ஆகஸ்ட். விடுதலை வேண்டுமா வேண்டாமா என்பதே கேள்வி. விடுதலைக் கூட்டணியில் இந்துக்களின் இரு பெரிய கட்சிகளும் முஸ்லிம் கட்சியும் சேர்ந்திருந்தன. சமூகக் கணக்குப்படி அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்திருக்க வேண்டும். கிடைத்தது சுமார் 54 சதவீதம். எதிராக விழுந்தது 44 சதவீதத்தை ஒட்டி. பொது மக்களும் சீனரும் ஒருவர் விடாமல் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் அந்த 44 வராது. முஸ்லிம்களிலும், தமிழர்களிலும், தெலுங்கர்களிலும் ஒரு பகுதியினர் துவாலின் சேவல் சின்னத்துக்குக் குத்தியிருந்தால்தான் வரும். சமூகங்கள் மிக இறுக்கமாக இருந்ததாகச் சொல்லப்படும் தேர்தலிலேயே கதவு இப்படித் திறந்துகிடந்தது.

1972இல் நடக்க வேண்டிய தேர்தல் நான்காண்டு தள்ளிப்போனது. 1976 டிசம்பரில் நடந்தபோது வாக்கு வயது 18ஆகக் குறைந்திருந்தது. கல்லூரி மாணவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கட்டிய எம்.எம்.எம். என்ற இளைஞர் கட்சி, இதயச் சின்னத்தில், எல்லாச் சமூகத்திலும் வாக்கு வாங்கி முதலிடத்துக்கு வந்தது. பழைய எதிரிகளான லேபரும் பி.எம்.எஸ்.டி.யும் அவசரமாகக் கைகோத்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருவரையொருவர் விழுங்கிவிடுவார்கள் என்று சொன்னவர்கள் அவர்கள்.

1982 ஜூனில் எம்.எம்.எம். கூட்டணிக்கு 64 சதவீத வாக்கு, பெரிய தீவின் அறுபது இடங்களும். அறுபதுக்குப் பூஜ்யம். நாட்டின் தந்தை என்று போற்றப்பட்ட சிவசாகர் ராம்கூலாம் தன் சொந்தத் திரியோலே தொகுதியிலேயே தோற்றார். 1995 டிசம்பரில் இரண்டாம் அறுபது: லேபரும் எம்.எம்.எம்.மும் சேர்ந்தன, பிரதமர் அனிருத் ஜுக்நாத் தோற்றார். 2024 நவம்பரில் மூன்றாம் அறுபது: அதே லேபர், அதே எம்.எம்.எம்., 60 சதவீதத்துக்கு மேல். பிரதமர் பிரவிந்த் ஜுக்நாத் தோற்றார். இடையில் 2014இல் நவீன் ராம்கூலாம் பிரதமராக இருந்தபடியே, தந்தை தோற்ற அதே ஐந்தாம் எண் தொகுதியில் தோற்றார்.

ஆக, பதவியிலிருந்த பிரதமர்கள் நான்கு பேர் சொந்தத் தொகுதியில் தோற்றிருக்கிறார்கள். நால்வரும் இந்துக்கள். நான்குமே இந்துக்கள் பெரும்பான்மையான கிராமப்புறத் தொகுதிகள். அவர்களைத் தோற்கடித்தவர்களும் பெரும்பாலும் அதே சமூகத்தார். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தொகுதியில் எந்தச் சமூகத்தாரை நிறுத்த வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் சந்தேகமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி ஆளைத்தான் நிறுத்துகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஆளை நிறுத்தியபின் சமூகம் எப்படி வெற்றியை நிர்ணயிக்கும்? வாக்காளர் வேறு காரணத்தைத் தேடித்தான் முடிவெடுக்க முடியும்.

அறுபதுக்குப் பூஜ்யத்தை மக்களின் பேரெழுச்சி என்று பத்திரிகைகள் எழுதும். பாதி உண்மை. மீதிப் பாதி மூன்று குறி முறையின் வேலை. தொகுதியில் எட்டு சதவீதம் முன்னால் இருந்தாலும், முப்பது சதவீதம் முன்னால் இருந்தாலும் மூன்று இடமும் ஒரே பக்கம் போய்விடும். 1987இல் இரு அணிகளுக்கும் இடையே இரண்டு சதவீத வாக்குக்கூட வித்தியாசமில்லை. இடங்களோ 39க்கு 21. 1991இல் எதிரணிக்கு ஏறத்தாழ 40 சதவீத வாக்கு விழுந்தது. கிடைத்தது மூன்றே இடம். 2019இல் மும்முனைப் போட்டி. பிரவிந்த் ஜுக்நாத்தின் அணி 38 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் 38 இடங்களை எடுத்து ஆட்சியமைத்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்று சொன்ன அரசு ஐந்தாண்டு நடந்தது.

அறுபதும் ஒரே பக்கம் போனால் பெஸ்ட் லூசர் முறையும் திணறுகிறது. வென்ற கூட்டணியில் தோற்றவரே இல்லையே, அவர்களுக்குச் சரிக்கட்ட வேண்டிய நான்கு இடங்களை யாருக்குக் கொடுப்பது? மூன்று முறையும் நான்கு இடங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2024இல் அந்த நான்கில் இரண்டு, தோற்ற ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு; இரண்டு ரோட்ரிக்ஸ் தீவில் தோற்ற அணிக்கு. சமூகங்களைக் காக்க வந்த ஏற்பாடு, நடைமுறையில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியைக் காலியாக விடாமல் காத்தது. சமூகத்தைச் சொல்லியாவது சபையில் ஒரு எதிர்க்குரல் இருக்கிறதே என்று நான் நிம்மதிப்பட்டதுண்டு. பெஸ்ட் லூசர் முறையை ஒரேயடியாகத் தூக்கியெறியச் சொல்பவர்களோடு நான் முழுதும் சேராததற்கு இதுவே காரணம். மாற்று ஏற்பாடு இல்லாமல் நீக்கினால் எதிர்க்கட்சியே இல்லாத பாராளுமன்றம் வரும்.

சரி, சமூகம் இல்லை என்றால் வேறு எது? கூட்டணி என்று எளிதாகச் சொல்லலாம். ராம்கூலாம் குடும்பத்தின் லேபர், பெராஞ்சேயின் எம்.எம்.எம்., ஜுக்நாத் குடும்பத்தின் எம்.எஸ்.எம். என்று மூன்று பெரிய கட்சிகள். சாவி, இதயம், சூரியன். இரண்டு சேர்ந்தால் மூன்றாவது அவுட். தேர்தலுக்கு ஓராண்டு முன்பிருந்தே தலைவர்கள் யார் வீட்டுக்கு யார் போனார் என்று தீவு முழுக்கப் பேச்சு. ‘கோஸ் கோஸே’ என்பார்கள் அந்தப் பேரப் பேச்சை. 1991இல் எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும் சேர்ந்தன, 57 இடம். 2000இல் மறுபடி சேர்ந்தன, 54 இடம். முந்தைய தேர்தலின் வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும் என்று தோன்றும்.

அந்த நம்பிக்கையை உடைத்தது 2014. முந்தைய 2010 தேர்தலில் லேபர் தலைமையிலான அணிக்கு 49 சதவீதம், எம்.எம்.எம். தலைமையிலான அணிக்கு 42 சதவீதம். இப்போது லேபரும் எம்.எம்.எம்.மும் சேர்ந்தன. பழைய கூட்டாளிகள் விலகியதைக் கழித்துவிட்டாலும் மலைபோன்ற பெரும்பான்மை என்று எல்லோரும் எழுதினார்கள். மூன்றாம் அறுபது வருகிறது என்றார்கள். வந்தது 38 சதவீதமும் 13 இடமும். காரணம், அவர்கள் முன்வைத்த ‘இரண்டாம் குடியரசு’த் திட்டம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், அதிகாரமுள்ள குடியரசுத் தலைவராக நவீன் ராம்கூலாம், பிரதமராக பெராஞ்சே. இரண்டு தலைவர்களும் நாட்டைத் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொள்வதாக வாக்காளருக்குப் பட்டது. இரண்டு கட்சிகளின் தொண்டர்களும் முப்பதாண்டாக ஒருவரையொருவர் திட்டிப் பழகியவர்கள். மேலே கைகுலுக்கியதற்காகக் கீழே மறந்துவிடவில்லை. அதே இரண்டு கட்சிகள், ஒரே ஜோடி: 1995இல் அறுபது, 2014இல் பதின்மூன்று, 2024இல் அறுபது. கடந்த முடிவைக் கூட்டி அடுத்த முடிவைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர் இந்த மூன்று எண்களையும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2024இல் ஆளுங்கட்சிக்கு எல்லாம் சாதகமாக இருந்ததாக நம்பப்பட்டது. அக்டோபர் 3 அன்று சாகோஸ் தீவுகளின் இறையாண்மையைத் தர பிரிட்டன் சம்மதித்த அறிவிப்பு. அடுத்த நாளே சபையைக் கலைத்தார்கள். அரைநூற்றாண்டுக் கோரிக்கை நிறைவேறிய பெருமை வாக்காகும் என்பது கணக்கு. அந்த மாதமே தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஒலிப்பதிவுகள் வெளிவரத் தொடங்கின. அரசு வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன் சமூக ஊடகங்களை முடக்க உத்தரவிட்டு, ஓரிரு நாளிலேயே திரும்பப் பெற்றது. முடக்கியதற்குக் கோபம், பின்வாங்கியதற்கு இளப்பம். இந்து வாக்கு, முஸ்லிம் வாக்கு, கிரியோல் வாக்கு என்று பிரித்துப் பேசியவர்கள் எல்லோருக்கும் ஒரே விடை கிடைத்தது.

வாக்காளரைச் சமூகமாகப் பிரிப்பதைவிட வயதால் பிரித்துப் பார்ப்பது பயன் தரும் என்பது என் எண்ணம். அறுபதுகளில் ஜேம்ஸ் மீட், ரிச்சர்ட் டிட்மஸ் போன்ற பிரிட்டிஷ் அறிஞர்கள் இந்தத் தீவு பிள்ளைப்பேற்றினாலேயே அழியும் என்று அஞ்சினார்கள். இன்று பிறப்பு விகிதம் ஈடு கட்டும் அளவுக்குக்கூட இல்லை. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். அறுபது ஆனால் ஏழை பணக்காரர் பாராமல் எல்லோருக்கும் ஓய்வூதியம் என்பது அங்கே பல தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு. 2014இல் அதை 5,000 ரூபாயாக உயர்த்துவோம் என்ற அணி வென்றது. 2019இல் 13,500 வரை கொண்டுபோவோம் என்ற அணி வென்றது. ஓய்வூதியம் வாங்குபவருக்கு இந்து, முஸ்லிம், பொது மக்கள் என்று தனித்தனிக் கவுண்டர் கிடையாது. 2025 ஜூன் வரவுசெலவுத் திட்டத்தில் புதிய அரசு, அந்த வயதை அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தது. தெருவில் போராட்டம் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன், மே மாதம், பத்தாண்டு கழித்து நடந்த நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்கள் கால்வாசிப் பேரை ஒட்டித்தான். பொதுத்தேர்தலில் முக்கால் பங்குக்கும் மேல் வரும் ஊர் அது.

தமிழர்களைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். தீவின் மக்களில் அவர்கள் ஏறத்தாழ ஆறு சதவீதம். 1730களில் லா பூர்தொன்னே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் கைவினைஞர்களுமாகப் போனவர்கள் உண்டு. பெரும்பகுதி பின்னால் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அரசியல் சட்டத்தில் அவர்களுக்குத் தனிப் பெட்டி கிடையாது. இந்துப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். ஆனால் கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் தனிப் பெட்டி உண்டு. ரோஸ்ஹில் போன்ற நகரத் தொகுதிகளில் மூன்று பேரில் ஒரு தமிழ்ப் பெயர் இல்லாத பட்டியல் அரிது. கடைசி கவர்னர் ஜெனரலும் குடியரசின் முதல் தலைவருமான வீரசாமி ரிங்காடு தமிழர். 2019 முதல் 2024 வரை நிதியமைச்சராக இருந்த ரெங்கநாதன் படையாச்சி தமிழர். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து வழக்கமாக இந்திக்கு மேலே இருந்ததை மாற்றிக் கீழே போட்டார்கள், தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. ஆறு சதவீதம் சாதித்த காரியம் அது. ஆனால் அடுத்து நடந்த 2000 தேர்தலைத் தமிழ் வாக்கு தீர்மானித்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அந்தத் தேர்தலைத் தீர்மானித்தது சூரியனும் இதயமும் சேர்ந்ததுதான். தமிழர்கள் எல்லா அணியிலும் இருந்தார்கள், எல்லா அணிக்கும் வாக்களித்தார்கள். தனித்த வாக்குவங்கியாக அவர்கள் நடந்துகொண்டதில்லை என்பதை நான் அவர்களின் பலமாகவே எண்ணுகிறேன்.

இன்னொரு சிறு செய்தி. இரண்டு ஆண்டு தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர் மொரீஷியஸ் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். அங்கே ஆலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் இந்தியருக்கும் வங்கதேசத்தவருக்கும் இந்த உரிமை உண்டு. வெளிநாடு போய்விட்ட சாதாரண மொரீஷியருக்கோ அங்கிருந்தபடி வாக்களிக்க வழியில்லை. பிறப்பு குறைந்து, வெளியிலிருந்து தொழிலாளர் வருவது கூடும் தீவில் இது ஒருநாள் பெரிய சச்சரவாகும்.

அடுத்த தேர்தல் எப்படி இருக்கும் என்று கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, கூட்டணியைப் பற்றி: முதல் அறுபது, ஒன்பது மாதத்தில் பெராஞ்சேயும் பெரும்பாலான அமைச்சர்களும் விலகியதால் உடைந்து, 1983 ஆகஸ்டிலேயே மறுதேர்தல் வந்தது. இரண்டாம் அறுபது, 1997இல் பெராஞ்சே நீக்கப்பட்டதோடு உடைந்தது. எதிர்க்கட்சி இல்லாத சபையில் எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குள்ளேயே பிறந்துவிடுகிறது. அறுபதுக்கு அறுபது வாங்கிய எந்தக் கூட்டணியும் அடுத்த தேர்தலை அதே கூட்டணியாகச் சந்தித்ததில்லை. மூன்றாவது மட்டும் விதிவிலக்காகும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டாவது, அடுத்த முறையும் வேட்பாளர்கள் 1972இன் பெட்டிகளில்தான் மனு போடுவார்கள் என்றால், அது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த ஆட்சியின் தோல்வி. முக்கால் பங்குக்கு மேல் பெரும்பான்மை வைத்திருந்த அரசுக்குச் சாக்கு கிடையாது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மொரீஷியஸ் தேர்தல் ஆணையர் அலுவலகம் தொகுதிவாரியாக, வேட்பாளர்வாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்களுக்கும் ஒரே தொகுதியில் எவ்வளவு வாக்கு வித்தியாசம் என்று பாருங்கள். வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்றாமவருக்கு எவ்வளவு குறைகிறது, எத்தனை பேர் கூப்பே திரான்ஷே செய்கிறார்கள் என்பது அதில் தெரியும். சமூகம் வாக்கை எவ்வளவு இழுக்கிறது என்பதை ஊகமில்லாமல் அளக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். இருபது தொகுதி, விடுதலைக்குப் பின் பன்னிரண்டு தேர்தல். ஒரு ஆய்வேட்டுக்குப் போதும். என் வாதம் தவறென்று அந்த எண்கள் காட்டினால் அதையும் தமிழில் எழுதி வெளியிடுங்கள்.